தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தேனீ வளர்க்கத் தொடங்குவோருக்கு: பெட்டி வாங்குவதற்கு முன்னும் பின்னும்

பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. பாதி மாந்தோப்பு, வரப்போரம் தென்னை, மீதி மழையை நம்பிய கொள்ளும் அவரையும். அந்த நிலத்தில் ஓர் ஆவணி மாதம், தேனீ வளர்ப்பவர் யாரையும் கலந்து பேசாமல், தேனீக்களோடு ஐந்து பெட்டிகளை 17,500 ரூபாய்க்கு வாங்கி வைத்தேன். புரட்டாசி முடிவதற்குள் மூன்று பெட்டிகளின் தேனீக்கள் ஓடிவிட்டன. நான்காவது பெட்டியின் அடைகளை மெழுகுப் பூச்சி அரித்துவிட்டது. எஞ்சிய ஒன்று, தை மாதத்தில் பக்கத்துத் தோப்பில் மருந்தடித்த மறுநாள், வாசலில் குவியலாகச் செத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் வட்டாரத்தில் தேனீ வளர்ப்போர் சிலர் சேர்ந்து நடத்தும் சங்கத்தைத் தேடிப் போனேன். முதல் சந்திப்பில் மூத்த உறுப்பினர் ஒருவர், "பெட்டியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல உங்க கொல்லையச் சுத்தி எந்த மாசத்துல என்ன பூக்குதுன்னு எழுதிக்கிட்டு வாங்க" என்றார். ஆளைத் தேடி, பூவைப் பார்த்து, அதன் பிறகு பெட்டியை வாங்கவேண்டும் என்ற வரிசையை நான் தலைகீழாகச் செய்திருந்தேன். அந்தச் சரியான வரிசையிலேயே இந்தப் படிகளை எழுதியிருக்கிறேன். தேனீக்களின் ஒரு முழுக் கூட்டத்தைக் 'குடும்பம்' என்றே இங்கு குறிப்பிடுகிறேன். வளர்க்கப் பரிந்துரைப்பது நம் ஊர் அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீயைத்தான். மலைத்தேனீயும் கொம்புத் தேனீயும் பெட்டிக்கு வராதவை. இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தரும் என்றாலும், பூ குறையும் மாதங்களில் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோகும் வசதி இல்லாத புதியவருக்கு அது ஏற்றதன்று.

1. சங்கத்தைக் கண்டுபிடியுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் இருப்பவர்கள் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்கள் எலுமிச்சங்கிரியிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் விசாரிப்பதிலிருந்து தொடங்கலாம். தேனீ வளர்ப்புப் பயிற்சி எப்போது நடக்கும் என்பதோடு, ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்களில் உங்கள் ஊருக்கு அருகில் யார் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் உங்களைச் சங்கத்துக்குக் கொண்டுசேர்க்கும். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம். உழவர் சந்தையில் தேன் விற்பவரிடம் அவருடைய பெட்டிகளைப் பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். உண்மையில் வளர்ப்பவர் எனில் வரச்சொல்வார்.

ஒரு குழுவைக் கண்டதும் சந்தா கட்டிவிடவேண்டாம். இரண்டு சந்திப்புகளுக்குப் போய் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். சந்திப்பில் பெட்டியைத் திறந்து காட்டுகிறார்களா, அல்லது பேச்சோடு முடிகிறதா? தேன் எடுக்கும் கருவி பொதுவில் இருக்கிறதா? உங்கள் பெட்டியில் சிக்கல் என்றால் நேரில் வந்து பார்க்க யாராவது ஒப்புக்கொள்கிறார்களா? இந்த மூன்றும் இருந்தால் ஆண்டுச் சந்தா பெரிய செலவன்று. எங்கள் சங்கத்தில் நான் கட்டியது 300 ரூபாய். முதல் நாளிலேயே பத்துப் பெட்டிகளை உங்கள் தலையில் கட்ட முயல்பவர் விற்பனையாளர், அவர் எந்தப் பெயரில் குழு நடத்தினாலும் விலகிவிடுங்கள். பெட்டிக்கு இத்தனை கிலோ தேன் உறுதி, அதை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று எழுதிக் கொடுப்பவரிடமும் அதே எச்சரிக்கை வேண்டும்.

2. பணம் செலவழிக்கும் முன் பிறர் பெட்டிகளில் பழகுங்கள்

குறைந்தது மூன்று மாதம், பத்து நாளுக்கு ஒரு முறை, ஓர் உறுப்பினரோடு அவருடைய பெட்டிகளைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை நடத்தும் ஒரு நாள் கட்டணப் பயிற்சி மிகவும் பயனுள்ளது; ஆயினும் முட்டையை அடையில் கண்டுபிடிக்கும் கண் ஒரே நாளில் வருவதில்லை. அடையைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு பிடித்து, ஒவ்வோர் அறையின் அடியிலும் நூல் துணுக்குப் போல வெள்ளையாக நிற்கும் முட்டையைத் தேடவேண்டும். அறைக்கு ஒரு முட்டை எனில் ராணி நலம். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால், பெரும்பாலும் ராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிட்டன என்று பொருள். ஓடிப்போன என் முதல் பெட்டிகளில் ஒன்று இந்த நிலையில்தான் எனக்கு விற்கப்பட்டது என்பதை, அன்று எடுத்த கைபேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஓராண்டு கழித்துத் தெரிந்துகொண்டேன்.

கொட்டு வாங்கினால் உங்கள் உடல் எப்படி எதிர்வினை செய்கிறது என்பதும் இந்த மாதங்களில் தெரிந்துவிடும். கொட்டிய இடத்தில் வீக்கமும் அரிப்பும் வருவது இயல்பு. கொடுக்கை இரண்டு விரலால் பிடித்து இழுக்காமல் நகத்தால் உடனே பக்கவாட்டில் வழித்தெடுக்கவேண்டும். உடல் முழுதும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சுத் திணறல், தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழைத்து அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டும். அத்தகைய ஒவ்வாமை உள்ளவர் தேனீ வளர்ப்பை விட்டுவிடுவதே நல்லது. எங்கள் சங்கத்தில் ஒருவர் அப்படித்தான் விலகினார். பெட்டிக்குப் பணம் கொடுக்கும் முன்பே அது தெரிந்ததால் அவருக்கு இழப்பு ஏதுமில்லை.

3. உங்கள் நிலத்தின் பூ நாட்காட்டியை எழுதுங்கள்

நம் அடுக்குத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இரை தேடும். எனவே மாவட்டத்தில் என்ன விளைகிறது என்பதைவிட உங்கள் கிணற்றடியிலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள் என்ன பூக்கிறது என்பதே கணக்கு. ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, சுற்றிலும் நடந்து பார்த்து நிரப்புங்கள்.

கிருஷ்ணகிரி என்றவுடன் மாம்பழம், மாம்பழம் என்றவுடன் தேன் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். மார்கழி முதல் மாசி வரை தோப்பெல்லாம் பூத்துக் குலுங்கினாலும் மாம்பூவில் கிடைக்கும் தேன் குறைவு. அதில் மொய்ப்பவற்றுள் ஈக்களே அதிகம். மாம்பூ குடும்பம் பெருக ஓரளவு உதவும், பெட்டியின் மேல்தட்டான தேன் அறையை நிரப்பாது. நம் பகுதியில் தேன் தருபவை நாம் விலை பேசாத மரங்கள்: பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கனும் நாவலும், வைகாசியிலிருந்து ஆடி வரை புளி. சாலையோரப் புளியமரங்களும் வயலோரப் புளியந்தோப்புகளும் நம் இரு மாவட்டங்களிலும் நிறைந்திருப்பது தேனீ வளர்ப்பவருக்குப் பெரும் கொடை. ஐப்பசி, கார்த்திகையில் மானாவாரிக் கொள்ளும் அவரையும் துவரையும் மழைக்குப் பின் மெலிந்த குடும்பத்தைத் தேற்றும். தென்னையும் முருங்கையும் அருகில் இருந்தால் இடைப்பட்ட வெறுமை மாதங்களில் மகரந்தத்துக்குப் பஞ்சம் வராது. தக்காளி மட்டுமே சூழ்ந்த நிலத்தில் பெட்டி வைக்காதீர்கள். தக்காளிப் பூவில் தேனே இல்லை, மருந்து மட்டும் வாரம் தவறாமல் விழும்.

நாட்காட்டியில் தொடர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் எதுவும் பூக்காத இடைவெளி இருந்தால் அந்த மாதங்களுக்கான சர்க்கரைச் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள். நான்கு மாதம் வெறுமையாக இருந்தால், நாவல், புங்கன், முருங்கைக் கன்றுகளை நட்டுவிட்டு, பெட்டியைச் சங்க உறுப்பினர் ஒருவருடைய நிலத்தில் வைக்க இடம் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

4. சுற்றியிருப்போரிடம் மருந்தடிப்பைப் பற்றிப் பேசுங்கள்

பெட்டி வருவதற்கு முன் செய்யவேண்டிய பேச்சு இது. பெட்டி வந்தபின் போனால் குறை சொல்ல வந்தவராகத் தெரிவீர்கள். மாம்பூவில் தத்துப்பூச்சிக்காக அடிக்கும் மருந்துகளே இங்கு முதல் எதிரி. இமிடாகுளோபிரிட் போன்றவை செடிக்குள் ஊடுருவிப் பூவின் தேன் வரைக்கும் போகக்கூடியவை என்பதால், மாலையில் அடித்தால் மட்டும் ஆபத்து முழுதும் நீங்கிவிடாது, குறையும். பக்கத்துத் தோப்புக்காரரிடம் மருந்தடிக்காதீர்கள் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அது அவருடைய வருமானம். இரண்டு உதவிகளை மட்டும் கேளுங்கள்: அடிப்பதற்கு முதல் நாள் ஒரு தகவல், முடிந்தால் பூ முழுதாக விரியும் முன்பே அடிப்பது. தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தால் நிலத்துக்காரரிடம் பேசிப் பயனில்லை, குத்தகைதாரரிடம்தான் பேசவேண்டும். நான் தவறியது இங்கேதான்.

தகவல் வந்தால் என்ன செய்வது? பாதுகாப்பான வழி, இருட்டிய பின் வாசலை அடைத்துப் பெட்டியை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய், இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவருவது. எங்கள் சங்கத்தில் இதற்காகவே நான்கைந்து இடங்கள் பேசி வைக்கப்பட்டிருக்கின்றன. மருந்தடிப்புத் தகவலை வாட்ஸ்அப்பில் பகிர்ந்ததும் யார் வண்டி எங்கே போகிறது என்று முடிவாகிவிடும். நகர்த்த முடியாதபோது, விடியும் முன் வாசலைக் கம்பி வலையால் மூடி, மேலே ஈரச் சாக்குப் போட்டு, நிழலில் ஒரு பகல் மட்டும் வைத்திருக்கலாம். பலகையாலோ துணியாலோ இறுக்கி மூடினால் வெப்பத்திலேயே குடும்பம் செத்துவிடும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவருக்கு அருகில் வையுங்கள். மருந்துக் காற்று பட்டாலே புழு சாகும் என்பதால் அவர் தம் நிலத்தில் கண்டபடி அடிக்கமாட்டார், பக்கத்தில் அடிப்பவரையும் எச்சரித்து வைத்திருப்பார். தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளில் இத்தகைய அயலார் கிடைப்பது எளிது. ஓசூர்ப் பக்கம் ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் நிழல்வலைக் குடில்களை ஒட்டி வைக்கவேண்டாம்.

5. ஆவணங்களும் மானியமும்

தோட்டக்கலைத் துறை வழியாகத் தேனீப் பெட்டிக்கும் குடும்பத்துக்கும் கருவிகளுக்கும் செலவில் ஒரு பகுதி மானியமாகக் கிடைக்கிறது. ஒதுக்கீடும் தொகையும் நிதியாண்டுக்கு நிதியாண்டு மாறுவதால் சித்திரை, வைகாசியிலேயே வட்டார அலுவலகத்தில் பெயர் பதிந்துவிடுங்கள். ஐப்பசிக்குப் பின் போனால் ஒதுக்கீடு முடிந்திருக்கும். உழவன் செயலியிலும் பதியலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், நிலத்தின் சிட்டாவும் அடங்கலும், கடவுச்சீட்டு அளவுப் படங்கள், சிறு குறு விவசாயி எனில் அதற்கான சான்று ஆகியவற்றை இரண்டு படிகளாக வைத்துக்கொள்ளுங்கள். சிட்டாவை இணையத்தில் நீங்களே எடுக்கலாம். சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கவேண்டும். எனக்கு அது கைக்கு வர பதினெட்டு நாளாயிற்று.

இரண்டு பொறிகள் இங்கே இருக்கின்றன. பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டாகவோ இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும், ஆகவே பட்டா மாறுதலை முன்கூட்டியே தொடங்குங்கள். அடுத்தது எனக்கு நேர்ந்தது: பணி ஆணை வருவதற்கு முன் வாங்கிய பெட்டிக்கு மானியம் இல்லை. ஆணை வந்தபின், துறை ஏற்கும் இடத்திலிருந்து, ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீதோடு வாங்கவேண்டும். ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாக "வாங்கிடுங்க, பாத்துக்கலாம்" என்று சொன்னதை நம்பி நான் முதலில் வாங்கினேன்; அந்தச் சொல்லுக்குத் தாள் இல்லாததால் ஒரு ரூபாயும் வரவில்லை.

காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையம் தேன் இயக்கத்தின் கீழ்ப் பயிற்சியோடு ஒருவருக்குப் பத்துப் பெட்டிகள் வரை தருகிறது. முதல் ஆண்டில் பத்துப் பெட்டிகளைப் பராமரிக்க முடியாது என்பதால், இரண்டாம் ஆண்டில் அதற்கு விண்ணப்பிப்பதே என் பரிந்துரை. தேசியத் தேனீ வாரியத்தின் மதுக்ராந்தி இணையதளப் பதிவும் பெட்டிகள் பெருகியபின் செய்துகொள்ளலாம்.

6. இரண்டு பெட்டிகளும் தேவையான கருவிகளும்

ஒன்று வேண்டாம், ஐந்தும் வேண்டாம். இரண்டு இருந்தால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டு எது மெலிகிறது என்று அறியலாம். ஒன்றில் ராணி இறந்தால் மற்றதிலிருந்து முட்டையுள்ள அடை ஒன்றை எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றலாம். வாங்கும் முன் சங்கத்தில் பெரும்பாலோர் வைத்திருப்பது எந்த அளவுப் பெட்டி என்று கேட்டு அதையே வாங்குங்கள். நியூட்டன் அளவுப் பெட்டியின் சட்டம் (அடை கட்டப்படும் மரச் சட்டகம்) ஐஎஸ்ஐ அளவுப் பெட்டியில் உட்காராது. அளவு மாறினால் அவசரத்துக்கு அடை வாங்கவும் கொடுக்கவும் வழியில்லாமல் போகும். அடை கட்டத் துணையாகச் சட்டத்தில் பொருத்தும் மெழுகுத் தாள் வாங்கினால் இந்தியத் தேனீக்கானதா என்று உறுதிசெய்யுங்கள். இத்தாலியத் தேனீக்கானதில் அறைகள் பெரியவை.

நான் இரண்டாம் முறை தொடங்கியபோது ஆன செலவு இது. தாங்கியோடு இரண்டு பெட்டிகள் 3,200 ரூபாய், இரண்டு குடும்பங்கள் 3,000, முகவலை 300, கையுறை 200, புகைப்பான் 450, உளி 150, மழைக்காலச் சர்க்கரை 220, சங்கச் சந்தா 300, ஆக 7,820 ரூபாய். தேன் எடுக்கும் கருவியை வாங்கவேண்டாம். ஆண்டுக்கு நான்கு நாள் தேவைப்படும் பொருள் அது, சங்கத்தில் இரவல் கிடைக்கும். புகைப்பானுக்குத் தேங்காய் நாரும் பழைய சாக்குத் துண்டும் போதும்.

7. குடும்பத்தை வாங்குவதும் கொண்டுவருவதும்

ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை வாங்குங்கள். முன்னே பூக்காலம் இருக்கும். ஆடி முதல் புரட்டாசி வரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அந்த மாதங்களில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் விற்பவரே காப்பாற்ற முடியாதவை.

பகலில், சங்கத்து ஆள் ஒருவரோடு போய்ப் பாருங்கள். நான்கு ஐந்து அடைகளைத் தேனீக்கள் மூடியிருக்கவேண்டும். முட்டை, புழு, மூடிய கூட்டுப்புழு மூன்றும் இருக்கவேண்டும். கால்களில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் உள்ளே போகவேண்டும். மூடாத அறைகளில் புழுக்கள் தலையைத் தூக்கிப் படகு வடிவில் செத்து, நீர் கோத்த பை போல எடுக்க வந்தால், அது தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய். மருந்தில்லாத நோய் அது, அந்த இடத்திலிருந்து எந்தப் பெட்டியையும் வாங்காதீர்கள், அன்று அணிந்த கையுறையோடு வேறு பெட்டியைத் தொடாதீர்கள்.

இருட்டியபின் வாசலில் கம்பி வலை வைத்து, சட்டங்கள் ஆடாமல் கட்டி, வண்டியில் கொண்டுவாருங்கள். வைத்த பெட்டியை அன்றே திறக்கவேண்டாம். ராணி வெளியேற முடியாத தடுப்பை வாசலில் ஒரு வாரம் வைத்து, மூன்றாம் நாள் ஒரு முறை மட்டும் பாருங்கள். ஆசையால் தினமும் திறப்பதுதான் இந்தியத் தேனீ ஓடிப்போவதற்கு நாமே உண்டாக்கும் காரணம். அஞ்செட்டி, பென்னாகரம், சித்தேரிப் பக்கம் காட்டில் பிடித்த குடும்பம் என்று சொல்லி விற்பார்கள். வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டிலிருந்து எடுப்பது குற்றம். உங்கள் பெட்டியோடு வழக்கும் வந்து சேரும்.

8. பெட்டி வைக்கும் இடம்

வாசல் கிழக்கு நோக்கியும், காலை வெயிலும் நண்பகல் நிழலும் கிடைக்குமாறும் மரத்தடியில் வையுங்கள். நடைபாதைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் எதிரே கூடாது. தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்; கிண்ணம் ஒரு நாள் காய்ந்தாலும் எறும்பு ஏறிவிடும். கூழாங்கல் போட்ட தட்டில் நல்ல நீர் எப்போதும் இருக்கட்டும், இல்லாவிட்டால் மருந்து கலந்த வயல்நீரைக் குடிக்கப் போகும். வைத்த இடத்தை மாற்ற வேண்டுமானால் நாளுக்கு மூன்றடிக்குள் நகர்த்துங்கள், அல்லது மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள்.

9. முதல் மழைக்காலத்தைத் தாண்டுவது

ஆவணி, புரட்டாசியில்தான் புதியவர்கள் குடும்பங்களை இழக்கிறார்கள். பூ இல்லை, மழையால் வெளியே போக முடியாது, சேமிப்பைத் தின்று தீர்க்கும், ராணி முட்டையிடுவதைக் குறைக்கும், குடும்பம் சுருங்கும், காலியான அடையில் மெழுகுப் பூச்சி முட்டையிடும். இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்க வேண்டும். பெட்டி ஒன்றுக்கு வாரம் 200 கிராம் சர்க்கரையை அதே அளவு நீரில் கரைத்து, ஆறவைத்து, மாலையில் பெட்டிக்குள்ளேயே சிறு கிண்ணத்தில், மூழ்காமல் உட்காரக் குச்சிகள் மிதக்கவிட்டு வையுங்கள். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ அயல் குடும்பம் கொள்ளையடிக்க வரும். வெல்லமும் கருப்பட்டியும் வேண்டாம், வயிற்றுப்போக்கு உண்டாகும்.

தேனீக்கள் மூடாத அடைகளைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். மூன்று அடைக்குத்தான் ஆள் இருக்கிறது என்றால் மூன்று அடை மட்டும் இருக்கட்டும். எடுத்த அடையை உருக்கி மெழுகாக்குங்கள். சும்மா அலமாரியில் வைத்தால் பத்து நாளில் பூச்சிக் கூடாகிவிடும். அடிப்பலகையை வாரம் ஒரு முறை துடையுங்கள், பூச்சியின் புழுக்கள் முதலில் தென்படுவது அங்கேதான். பஞ்சுருட்டானும் கரிக்குருவியும் சில தேனீக்களைப் பிடிக்கும், அதற்கு அஞ்சவேண்டாம். குளவி வாசலில் காவல் நின்றால் வாசலைச் சிறிதாக்கிவிட்டு அதன் கூட்டைத் தேடி நீக்குங்கள்.

10. தேன் எடுப்பதும் விற்பதும்

முதல் ஆண்டில் தேனை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து நன்றாகப் பார்த்துக்கொண்ட பெட்டியில் ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ என்பது நம் பகுதிக்கு நியாயமான கணக்கு. தேன் அறையின் அடையில் முக்கால் பங்கு மெழுகால் மூடிய பின்பே எடுக்கவேண்டும். அவசரப்பட்டு மூடாத தேனை எடுத்தால் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டிப் புளித்துவிடும். சட்டப்படியும் அந்த அளவுக்கு மேல் கூடாது. கீழே உள்ள புழு அறையின் அடையைத் தொடவே கூடாது, அது அவற்றின் உணவு. கருவியில் சுழற்றி எடுத்தால் அடை அப்படியே திரும்பக் கிடைக்கும். கையால் பிழிந்தால் புழுவும் மெழுகும் கலக்கும், மறுபடி அடை கட்ட அவற்றுக்கு வாரக்கணக்கில் உழைப்பு வேண்டும். வெள்ளைத் துணியில் வடிகட்டி, இரண்டு நாள் தெளியவைத்து, கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள். அடுப்பில் காய்ச்சவேண்டாம்.

பெயரிட்டு விற்பதானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். சிறு அளவில் விற்போருக்கான எளிய பதிவுக்கு அப்போது நான் கட்டியது ஆண்டுக்கு 100 ரூபாய். 14 இலக்க எண் கிடைக்கும், அதைச் சீட்டில் அச்சிடவேண்டும். எடுத்த தேதியும் நிகர எடையும் சீட்டில் இருக்கட்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது என்பதையும் அச்சிடுங்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க என்றே நம்மிடம் தேன் கேட்டு வருவார்கள். அந்த வயதில் தேனிலுள்ள கிருமி வித்துகளால் உயிருக்கே ஆபத்து நேரலாம். நான் அப்படிக் கேட்பவருக்கு விற்பதில்லை, காரணத்தை உட்கார்ந்து சொல்லி அனுப்புகிறேன்.

11. குடும்பத்தைப் பிரிப்பது

தை, மாசியில் வலுத்த குடும்பத்தின் அடைகளுக்கு அடியில் நிலக்கடலை போலத் தொங்கும் ராணி அறைகள் தென்படும். அதைக் கண்டு ஒரு வாரம் சும்மா இருந்தால் பழைய ராணி பாதிக் குடும்பத்தோடு பறந்துவிடும். சங்கத்து ஆளை அழைத்து, பழைய ராணியையும் முட்டையும் புழுவுமுள்ள மூன்று நான்கு அடைகளையும் புதிய பெட்டிக்கு மாற்றுங்கள். பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். முட்டை ராணியாக வெளிவர ஏறத்தாழ 16 நாள் ஆகும். வெளிவந்தபின் கலவிப் பறப்பு முடித்து முட்டையிட மேலும் ஒன்றிரண்டு வாரம் போகும். அதுவரை அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் முதன்முதலாகப் பிரிக்கும் குடும்பம், அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவருக்கு அடக்க விலைக்குப் போகும். எனக்கு வந்த இரண்டில் ஒன்று காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவருடையது. போன மாசியில் நான் பிரித்ததை மாரண்டஅள்ளிக்கு இரவு ஒன்பது மணிக்குக் கொண்டுபோய் வைத்து, வாசல் வலையை எடுத்துவிட்டு வந்தேன். இப்போது பத்து நாளுக்கு ஒரு முறை அங்கே போகிறேன்.